செபஸ்தியார் கொட்டாய் வெள்ளை விளிம்பு நோய்

மரியசூசையின் வீட்டு வாசலில் நிற்பது மாமரம்தான் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு முடிவானது. அப்போது அவர் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டார்கள்; அவர் மாமரம் இல்லை என்றார்; அந்தப் பதிலை எழுத இடம் இல்லாததால் யாரும் எழுதவில்லை.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது செபஸ்தியார் கொட்டாய். ஐம்பது வீடுகள், ஒரு சின்னக் கோயில், சுற்றிலும் மாந்தோப்பு. மரியசூசைக்குத் தோப்பு கிடையாது. முப்பத்தொரு வருடம் மினி லாரி ஓட்டியவர். தக்காளி ஏற்றினார், கொள்ளு ஏற்றினார், மரவள்ளிக் கிழங்கு ஏற்றினார். தின்னவோ விற்கவோ முடியாத ஒரு பொருள் அவர் வண்டியில் ஏறியதில்லை. ஓசூர் சாலையில் டீசல் போடும் பங்கில் மட்டும் ஐந்து நிமிடம் கூடுதலாக நிற்பார். அங்கே வாசலின் இரண்டு பக்கமும் இரண்டு மரங்கள் இருந்தன. நடுத்தண்டு நேராக மேலே போக, கிளைகள் தட்டுத் தட்டாகப் பக்கவாட்டில் விரிந்து, குடைமேல் குடை அடுக்கியது போல நிற்கும். சின்னச் சின்ன இலைகள். நடுவில் பச்சை, ஓரமெல்லாம் பால்வெள்ளை. தளிர்விடும் நாட்களில் அந்த வெள்ளையில் லேசாக ரோஸ் நிறம் ஏறும். டீசல் போடும் ஆள் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் மரியசூசை வண்டியை எடுப்பார்.

லாரியை விற்ற மறுவாரம் பஸ் ஏறி ஒரு நர்சரிக்குப் போய், அந்த மரத்தில் ஒரு கன்று வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். டெர்மினாலியா என்று பெயர் சொன்ன நர்சரிக்காரர் ஒரே ஒரு விஷயத்தை இரண்டு முறை சொல்லி அனுப்பினார். எப்போதாவது வெள்ளை ஓரமே இல்லாமல் முழுப் பச்சையாக ஒரு கிளை வெடிக்கும். பார்த்த அன்றே அடியோடு வெட்டிவிட வேண்டும். பச்சைக் கிளைக்கு வேகம் அதிகம். விட்டால் சத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு மற்ற கிளைகளை அமுக்கிவிடும். நான்கைந்து மாதத்தில் மரமே பச்சையாகிவிடும். அப்புறம் அதுவும் ஒரு மரம், அவ்வளவுதான்.

அவர் மனைவி ராயம்மாள் கன்றைச் சுற்றிவந்து பார்த்தாள். பூக்காது, காய்க்காது, பலகைக்கும் ஆகாது என்று தெரிந்ததும், "இத்த மடியில வெச்சி தூக்கியாந்தீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். அன்று முதல் அவள் அதை டெர்மினல் என்றே சொன்னாள். ஊர்க்காரர்கள் எதுக்கு ஆவும் என்று கேட்டார்கள். பார்க்கிறதுக்கு என்று மரியசூசை சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள்; ஆனால் சிரித்தவர்கள் எல்லோருமே போகிற போக்கில் ஒரு தடவை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள். நாலு வருடத்தில் மரம் கூரைக்கு மேலே வளர்ந்து ஐந்து அடுக்கு விட்டது.

இந்த நிலையில்தான் பிரியதர்ஷினி வந்தாள்.

அவள் மாவட்டப் பயிர்ப் பதிவுக்காகத் தற்காலிகமாக எடுக்கப்பட்ட கணக்கெடுப்பாளர். அந்த மாவட்டத்தில் மண்ணிலிருந்து முளைக்கும் எல்லாவற்றையும் ஒரு செயலியில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. கையில் ஒரு போன், தலையில் ஒரு துண்டு, அன்றைக்கு முடிக்க வேண்டிய இடங்கள் நூறு. மரியசூசையின் மரத்தைப் படம் எடுத்தாள். பெயர் கேட்டாள். அவர் சொன்னார். பட்டியலில் தேடினாள், இல்லை. 'மற்றவை' என்று ஒன்று இருந்தது. அதைத் தொட்டதும், சென்னையிலிருந்து இயக்குநரின் ஒப்புதல் கடிதத்தை இணைக்கவும் என்று போன் சொன்னது. சரி, பயன்பாட்டிலிருந்து போவோம் என்று அடுத்த பக்கம் போனாள். உணவு, எண்ணெய், நார், கட்டை, தீவனம், மருந்து.

"பார்க்கறதுக்குன்னு ஒண்ணு இருக்குதா பாரும்மா" என்றார் மரியசூசை.

அவள் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "அப்பிடி எதுவும் இல்லீங்க ஐயா. எதையாச்சும் போட்டாத்தான் அடுத்த வூட்டுக்கே உடும்."

சுற்றிலும் பார்த்தாள். எல்லாம் மாந்தோப்பு. மாமரம் என்று தொட்டாள். வயது நான்கு, ஏற்றுக்கொண்டது. காய்ப்பு? 'இல்லை' என்று போட்டாள். அதையும் ஏற்றுக்கொண்டது. பின்னால் திருத்தம் போட்டுக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்லி, ராயம்மாள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். திருத்தம் போடுவதற்கு அவள் போனில் எந்தப் பொத்தானும் கிடையாது என்பது அவளுக்கும் அப்போது தெரியாது.

இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. மாவட்ட இலைநலப் பிரிவிலிருந்து வந்திருந்தது. "தங்கள் புலத்தில் உள்ள நான்கு வயது மாமரம் காய்ப்பு இன்றி இருப்பது இவ்வலுவலகத்தின் கவனத்திற்கு வந்துள்ளது. காய்க்காமைக்கான காரணத்தை மரத்தின் சார்பில் தாங்கள் பதினைந்து தினங்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டியது" என்று இருந்தது. மரியசூசை மூன்று முறை படித்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளில், இது மாமரம் அல்ல, ஆகவே மாங்காய் காய்க்கவில்லை, இப்படிக்கு மரியசூசை என்று எழுதி அனுப்பினார். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எழுத முடியாது என்று அவர் நினைத்தார்.

அந்தப் பதில் கிடைத்த நான்காம் நாள் ஒரு ஜீப் வந்தது.

இலைநலப் பிரிவு தொடங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அதன் உதவி இயக்குநர் அருண்குமார், இரண்டு அலுவலர்கள், ஒரு நுண்ணோக்கி, ஒரு ஜீப் எல்லாம் இருந்தன. நோய்தான் இல்லை. அந்த வருடம் மழை நன்றாகப் பெய்திருந்ததால் மாவட்டம் முழுக்க இலைகள் பொறுப்பில்லாமல் ஆரோக்கியமாக இருந்தன. மாதாந்திர அறிக்கையில் தொடர்ந்து ஏழு முறை 'இன்மை' என்று எழுதிய ஒரு அதிகாரியின் மனநிலையோடு அருண்குமார் ஜீப்பிலிருந்து இறங்கினார். மரத்தைப் பார்த்தார். ஓரமெல்லாம் வெள்ளை. ஒரு இலை இரண்டு இலை இல்லை. அடி முதல் நுனி வரை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். தன் சொந்த மகளின் கல்யாணத்தில்கூட அவர் முகம் அப்படி மலர்ந்திருக்காது.

மாமரம் இல்லீங்க சார் என்று மரியசூசை தொடங்கினார். மா இலை எவ்வளவு நீளம் இருக்கும், இது எவ்வளவு இருக்கிறது என்று எதிர்த்தோப்பிலிருந்து ஒரு இலையைப் பறித்து வந்து பக்கத்தில் வைத்தும் காட்டினார். அருண்குமார் இரண்டையும் பார்த்து, நோயினால் இலை இவ்வளவு சிறுத்துப்போயிருப்பது கவலைக்குரியது என்று பக்கத்திலிருந்தவரை எழுதிக்கொள்ளச் சொன்னார். பிறகு மரியசூசையின் தோளில் அன்பாகக் கை வைத்தார்.

"ஐயா, எனக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். மரத்தைப் பார்த்து ரெக்கார்டு எழுதினவன் யாரும் எங்க டிபார்ட்மென்ட்ல நிலைச்சதில்லை. ரெக்கார்டை வெச்சுத்தான் மரத்தைப் படிக்கணும். மரம் வருஷத்துக்கு ரெண்டு தடவை மாறும். ரெக்கார்டு மாறாது."

மரியசூசை முப்பத்தொரு வருடம் சாலையில் எத்தனையோ போலீஸ்காரர்களைப் பார்த்தவர். அவர்கள் யாரும் அவருடைய தக்காளியைப் பார்த்துப் பூசணி என்று சொன்னதில்லை.

நாற்பது இலைகளைப் பறித்துக் காகித உறைகளில் போட்டார்கள். நோய்க்குப் பெயர் வைக்க வேண்டும்; முதலில் கண்ட ஊரின் பெயரை வைப்பது மரபு. இவ்வாறு 'செபஸ்தியார் கொட்டாய் வெள்ளை விளிம்பு நோய்' பிறந்தது. மரத்தடியில் ஒரு தகரப் பலகை நட்டார்கள். நோயுற்ற மரம், அரசின் கண்காணிப்பில் உள்ளது, தொடுவதும் வெட்டுவதும் தண்டனைக்குரியது என்று அதில் சிவப்பில் எழுதியிருந்தது. மரியசூசை தண்ணீர் ஊற்றுவது தொடுவதில் சேருமா என்று கேட்டார். அதற்கு விளக்கம் கேட்டு மேலே எழுதுவதாகவும், அதுவரை தொடாமல் ஊற்றும்படியும் சொன்னார்கள்.

வைத்தியம் ஆரம்பமானது. புதன்கிழமைதோறும் இரண்டு ஆட்கள் முதுகில் டேங்க் மாட்டிக்கொண்டு வந்து இலைகளுக்குச் சத்து மருந்து தெளித்தார்கள். வேருக்கு யூரியா வைத்தார்கள். மரம் அதுவரை அப்படி ஒரு சாப்பாட்டைக் கண்டதில்லை. புதுத் தட்டு ஒன்று விட்டது. இலைகள் பெருத்தன, வெள்ளை இன்னும் பளிச்சென்று ஆனது. 'தீவிர சிகிச்சைக்குப் பிறகும் நோய் முற்றுகிறது' என்று கோப்பில் ஏறியது. மருந்தின் அளவு இரட்டிப்பானது. சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி மரத்தோடு செல்பி எடுத்துக்கொண்டார்கள். அதையும் கோப்பில் 'பொதுமக்களிடையே விழிப்புணர்வு' என்று எழுதினார்கள்.

ஏப்ரல் மாதத்தில், அத்தனை யூரியாவுக்கும் பதிலாக, மேற்குப் பக்கத்தில் ஒரு கிளை முழுப் பச்சையாக வெடித்தது.

மரியசூசை பார்த்தவுடனேயே கத்தரிக்கோலைத் தேடினார். அன்று புதன்கிழமை. டேங்க் ஆட்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அருண்குமாருக்குப் போன் செய்தார்கள். ஒரு மணி நேரத்தில் ஜீப் வந்தது. பச்சைக் கிளைக்கு ஒரு ரிப்பன் கட்டினார்கள். ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு பொட்டு வெள்ளை இல்லை. அருண்குமாரின் கண் கலங்கிவிட்டது. அதற்கு 'மீட்புக் கிளை' என்று பெயரிட்டார். மறுநாள் அவர் கிளையைப் பிடித்தபடி நிற்கும் படம் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்தது. மருந்தை நிறுத்திவிட்டு, மீட்புக் கிளைக்குச் சேதம் விளைவிப்பவர் மீது வழக்குத் தொடரப்படும் என்று இரண்டாவது பலகை வைத்தார்கள்.

மரியசூசை நர்சரிக்காரருக்குப் போன் செய்தார். ஜூலை தாண்டிவிட்டால் வெள்ளையை மறந்துவிட வேண்டியதுதான் என்று அவர் சொன்னார். அதன் பிறகு மரியசூசை காலையில் வெளியே வந்து கிழக்குப் பக்கமாகவே உட்கார ஆரம்பித்தார். மேற்கே பச்சை கையளவிலிருந்து ஆளளவாகிக்கொண்டிருந்தது. மேல்தட்டுகள் இரண்டில் இலை உதிர்ந்து மெலிந்துவிட்டது. ராயம்மாள் முதலில் சும்மாதான் இருந்தாள். ஒருநாள் சோற்றைப் போட்டுவிட்டு, அவர் தட்டை அளைந்துகொண்டிருப்பதைப் பார்த்து, நானும் பார்க்கிறேன், டெர்மினலுக்கு என்னதான் ஆகிறது என்று வெளியே போனாள். வெகுநேரம் அண்ணாந்து நின்றாள். உள்ளே வந்து, மேல் தட்டு ரெண்டும் செத்துக்கிட்டு இருக்குதுங்க என்றாள். அவள் குரலில் கேலி இல்லை.

ஜூன் மாதம் மாங்காய் அறுப்பு. அப்போதுதான் விஷயம் ஊருக்குள் வந்தது.

தன் கண்டுபிடிப்பைப் பற்றி எல்லா மண்டிகளுக்கும் பழக்கூழ் ஆலைகளுக்கும் அருண்குமார் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். அதில் நோயின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. ஆகவே ஊரின் பெயரும் பெரிய எழுத்தில் இருந்தது. ஊரிலிருந்து போன முதல் டிராக்டரை மண்டி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்த ஊர் என்று கேட்டார்களாம். சொன்னதும் அந்த நோய் ஊரா என்றார்களாம். அந்த டிராக்டர் தீர்த்தகிரியுடையது. அவர் பக்கத்துத் தோப்புக்காரர். பெங்களூரா ரக மா ஐம்பது மரம் வைத்திருந்தார். மரியசூசையின் லாரியில் முப்பது வருடம் சரக்கு ஏற்றியவர்.

அன்று சாயங்காலம் ஏழெட்டுப் பேரோடு தீர்த்தகிரி வந்தார். சண்டைக்கு வந்த முகம் இல்லை. வந்தவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். ராயம்மாள் கொடுத்த தண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

"சூசண்ணா, ஒம்மேல தப்பு இல்லேன்னு எனக்குத் தெரியும். ஆனா இன்னும் பத்து நாள்ல எல்லாம் மரத்துலயே பழுத்துக் கொட்டிரும். ஒரு மரத்துக்காவ ஊரே நிக்குது. நீயே முடிவு பண்ணு" என்றார் தீர்த்தகிரி.

மரியசூசை உள்ளே போய்க் கோடாரியை எடுத்து வந்தார். பார்க்கிறதற்காக வைத்த மரம்; அதைப் பார்த்துப் பத்துப் பேர் வயிறு எரிந்தால் அதில் என்ன இருக்கிறது என்று சொன்னார். ராயம்மாள் கோடாரிக் காம்பைப் பிடித்துக்கொண்டாள், பிறகு விட்டுவிட்டாள். அவர் மரத்தடிக்குப் போய், கோடாரியை ஓங்குகிற நேரத்தில் தீர்த்தகிரியே பலகையைப் படித்துவிட்டுத் தடுத்தார். வெட்டுவது தண்டனைக்குரியது என்று இருக்கிறதே அண்ணா, மாங்காயும் போய் நீயும் ஜெயிலுக்குப் போவியா என்றார். வெட்டச் சொல்லி வந்தவர்களே வெட்டாதே என்று சொல்லிவிட்டுக் கலைந்தார்கள்.

மறுநாள் வெட்டுவதற்கு அனுமதி கேட்டு மரியசூசை விண்ணப்பம் எழுதினார். மரத்தின் பெயர் டெர்மினாலியா என்று எழுதினார். அப்படி ஒரு மரம் அந்தப் புலத்தில் இல்லை என்று திரும்பி வந்தது. மா என்று எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் ஒருவர் உதவியாகச் சொன்னார். அப்படி எழுதினால், காய்க்கும் பருவத்தில் மாமரத்தை வெட்ட அனுமதி இல்லை என்று இன்னொரு விதி இருந்தது. இந்த மரம் காய்க்காது என்று அவர் சொன்னார். ஆமாம், அது நோயினால்தான், நோயுள்ள மரத்தை ஆய்வு முடியாமல் வெட்ட முடியாது என்றார்கள். இப்படி மூன்று நாள் போனது.

நான்காம் நாள் புருஷனும் மனைவியுமாகத் தருமபுரிக்குப் போய், இலைநலப் பிரிவு அலுவலகத்துக்குள் நேராக நுழைவதென்று பஸ் ஏறினார்கள். நேராக நுழைய முடியவில்லை. வாசலிலேயே ராயம்மாள் நின்றுவிட்டாள்.

வாசலின் இரண்டு பக்கமும், பக்கத்துக்கு ஐந்தாக, பத்து மரங்கள். தட்டுத் தட்டாக, ஓரமெல்லாம் பால்வெள்ளையாக. ஒவ்வொன்றின் காலடியிலும் வெள்ளை வர்ணம் பூசிய செங்கல் வட்டம். குள்ளம்மாள் என்ற தோட்டக்காரப் பெண் ஒரு ஏணிமேல் ஏறி, ஒரு மரத்தில் முளைத்திருந்த பச்சைக் கிளையை வெட்டிக்கொண்டிருந்தாள். எதுக்கும்மா அத்த வெட்டறே என்று ராயம்மாள் கேட்டாள். உட்டா மரமே கெட்டுப் போயிரும், பார்த்தவொடனே வெட்டணும்னு ஐயா உத்தரவு என்றாள் குள்ளம்மாள். எந்த ஐயா என்று கேட்டதற்கு மாடியில் அருண்குமாரின் ஜன்னலைக் காட்டினாள்.

அருண்குமார் அவர்களை மரியாதையாகவே உட்கார வைத்தார். மரியசூசை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, அதுவும் இதுவும் ஒரே மரம்தானே சார் என்று கேட்டார்.

"இலை ஒண்ணா இருக்கலாம், பெரியவரே. கணக்குத் தலைப்பு வேற. அது அலங்காரத் தலைப்புல வாங்கினது, அலங்கார மரம். அதுல வெள்ளை இருந்தா அழகு. உங்களது மாந்தலைப்புல இருக்கு. அதுல வெள்ளை இருந்தா நோய்."

"அப்ப எங்க மரத்த அலங்காரத்துல மாத்திருங்க சாரு" என்றாள் ராயம்மாள்.

"தனியார் வீட்டுல அலங்காரத்துக்குத் தலைப்பே கிடையாதும்மா. உங்க வீட்டுல அழகா ஒண்ணு இருக்குன்னா அதை எந்த ஃபைல்ல வைப்பேன், சொல்லுங்க."

உண்மையில் அவருக்குக் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. வரும் வெள்ளிக்கிழமை இணை இயக்குநர் டாக்டர் சோபனாவே செபஸ்தியார் கொட்டாய்க்கு வருகிறார், மீட்பு விழா நடக்கிறது, நோய் குணமாகிறது என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் மண்டிக்காரர்களிடம் படிப்படியாகப் பேசலாம், எப்படியும் ஆகஸ்டுக்குள் முடித்துவிடலாம் என்றார். ஆகஸ்டில் மாங்காய் இருக்காது என்று மரியசூசை சொன்னார். அடுத்த வருஷம் இருக்குமில்லையா என்றார் அருண்குமார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மரத்தின் முன்னால் ஷாமியானா போட்டிருந்தது. பாலக்கோட்டிலிருந்து நூறு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்திருந்தன. மரத்தைவிடப் பெரிய பேனரில் மீட்புக் கிளையின் படமும் அதைவிடப் பெரிதாக இரண்டு அதிகாரிகளின் படமும் இருந்தன. ஊரார் வந்து உட்கார்ந்தார்கள். தோப்பில் பழம் கொட்டிக்கொண்டிருக்கும்போது அவர்களுக்கு வேறு வேலை இல்லை. தீர்த்தகிரியின் வெள்ளாடுகள் கவனிக்க ஆளில்லாமல் நாற்காலிகளுக்கு நடுவே திரிந்தன.

அருண்குமார் முதலில் பேசினார்.

"எங்க பிரிவு தொடங்கி ஏழு மாசம் ஒரு நோய்கூடக் கிடைக்கலை. நாங்க பட்ட வேதனை எங்களுக்குத்தான் தெரியும். எந்தப் பக்கம் போனாலும் இலை நல்லா இருந்துச்சு. பிரிவையே மூடிரலாமான்னு மேல யோசிச்சாங்க. அந்த இக்கட்டான நேரத்துல எங்களுக்குக் கை கொடுத்தவர் ஐயா மரியசூசை. அவருக்கு நம்ம டிபார்ட்மென்ட் என்னைக்கும் கடமைப்பட்டிருக்கு."

கைதட்டச் சொன்னார்கள். அலுவலர்கள் தட்டினார்கள்.

அடுத்து டாக்டர் சோபனா எழுந்தார். கண்டிப்பானவர், எதையும் சுருக்கமாகப் பேசுபவர் என்று பெயர் எடுத்தவர். நோய் இருக்கும் இடத்துக்கு டிபார்ட்மென்ட் ஓடுவது பழைய முறை, டிபார்ட்மென்ட் போகும் இடத்தில் நோய் தயாராக இருக்க வேண்டும், அதுதான் புதிய அணுகுமுறை என்று விளக்கினார். நம்மிடம் நல்ல திட்டங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு ஏற்ற பிரச்சினைகளைத்தான் விவசாயிகள் இன்னும் சரியாக உற்பத்தி செய்வதில்லை என்று வருத்தப்பட்டார். செபஸ்தியார் கொட்டாய் அந்தக் குறையைப் போக்கியிருக்கிறது என்று சொல்லி, மீட்புக் கிளையின் ரிப்பனை அவிழ்ப்பதற்காக மேடையிலிருந்து இறங்கினார்.

அவருக்கு முன்னால் ராயம்மாள் போய்விட்டாள்.

முதல் வரிசையில் இணை இயக்குநருக்காகத் துண்டு விரித்து வைத்திருந்த நாற்காலியைத் தூக்கி மரத்தடியில் போட்டாள். அதன்மேல் ஏறினாள். இடுப்பில் செருகியிருந்த கதிர் அரிவாளை எடுத்து, மீட்புக் கிளையை அடியில் பிடித்து, இரண்டே இழுப்பில் அறுத்துவிட்டாள். கிளை ரிப்பனோடு கீழே விழுந்தது. மைக் மட்டும் கீச்சென்று கத்தியது. மரியசூசை எழுந்து நின்றவர் அப்படியே நின்றார்.

அருண்குமார் மேடையிலேயே நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அரசு உடைமையைச் சேதப்படுத்தியிருக்கிறீர்கள், இது கைதுக்குரிய குற்றம் என்று சொன்னார். ராயம்மாள் நாற்காலியிலிருந்து இறங்கவில்லை.

"புடிச்சிக்கிட்டுப் போங்க சாரு. ஆபீசுல வெட்டுன அம்மாவையும் சேர்த்து ஏத்திக்கங்க. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே வர்றோம்" என்றாள்.

எந்த அம்மா, எந்த ஆபீஸ் என்று டாக்டர் சோபனா திரும்பி அருண்குமாரைப் பார்த்தார். அருண்குமார் பேனரைப் பார்த்தார். அந்த இடைவெளியில் ஒரு வெள்ளாடு வந்து மீட்புக் கிளையை முகர்ந்து பார்த்தது. ஒரு இலையைக் கடித்தது. பிடித்துப்போயிருக்க வேண்டும், இன்னொன்றைக் கடித்தது. பின்னாலேயே மற்ற ஆடுகளும் வந்தன. ஐந்து நிமிடத்தில் இலைநலப் பிரிவின் பல மாத சாதனை வெறும் குச்சியாகக் கிடந்தது. ஒரு ஆடு ரிப்பனையும் மென்றுகொண்டிருந்தது.

எல்லோரும் இணை இயக்குநரின் முகத்தையே பார்த்தார்கள். அவர் ஆடுகளையே பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது.

"அருண்குமார், ஆடு தின்னா அது என்ன?"

"தீவனங்க மேடம்."

"தீவன மரம் நம்ம பிரிவுல வருமா?"

அருண்குமாரின் முகத்தில் மெல்ல மெல்ல இரத்தம் வந்தது. "வராதுங்க மேடம். அது கால்நடைக்காரங்க பாடு."

"அப்ப இவ்வளவு நாளா இன்னொரு டிபார்ட்மென்ட் மரத்துக்கு நாம மருந்து அடிச்சிருக்கோம்."

ஒரு அலுவலகத்துக்கு இதைவிடப் பெரிய நிம்மதி கிடையாது. தவறு செய்துவிட்டோம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கோப்பை அடுத்த அலுவலகத்துக்கு அனுப்பினால் போதும். இணை இயக்குநருக்கு மட்டும் செயலியில் திருத்தும் பொத்தான் இருந்தது. அவர் அங்கேயே போனை எடுத்து மாமரத்தை எடுத்துவிட்டுத் தீவன மரம் என்று போட்டார். பயன்பாடு: தீவனம். சாட்சி: நேரடி ஆய்வு. மாமரமே இல்லாத இடத்தில் மாமர நோய் இருக்க வழி இல்லாததால், வெள்ளை விளிம்பு நோய் அன்று பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு ஒழிக்கப்பட்டது. மாவட்டத்தில் இதுவரை எந்த நோயும் அவ்வளவு வேகத்தில் ஒழிந்ததில்லை. சுற்றறிக்கையைத் திரும்பப் பெறும் கடிதத்தை ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்தே அருண்குமார் எழுதினார். தீர்த்தகிரி அதைக் கையில் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்த கையோடு மண்டிக்குப் போன் செய்தார். வண்டி அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. தோப்புக்காரர்கள் எழுந்து ஓடினார்கள்.

விழாவைப் பாதியில் விட முடியாது என்பதால், அச்சடித்துக் கொண்டுவந்திருந்த சான்றிதழை மரியசூசைக்கே கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். வெள்ளை விளிம்பு நோயிலிருந்து பூரணமாக மீண்டமைக்காக மரியசூசையை இப்பிரிவு பாராட்டுகிறது என்று அதில் இருந்தது. அவர் உடம்பை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். பலகைகள் இரண்டையும் பிடுங்கி ஜீப்பில் போட்டார்கள். போகும்போது அருண்குமார் மட்டும் ஒரு நிமிடம் நின்று மேல்தட்டுகளை அண்ணாந்து பார்த்தார். இனி வாரம் ஒருமுறை தண்ணீர் விட்டால் போதும், யூரியாவே காட்டாதீர்கள், மேலே மறுபடி தளிர்க்கும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் தோட்டக்கலை படித்தவர் என்பது அப்போதுதான் மரியசூசைக்குத் தெரிந்தது.

ஜீப் போன பிறகு ஷாமியானா நிழலில் நூறு நாற்காலிகளும் ஒரு மரமும் இருந்தன. ராயம்மாள் மேற்கே கிளை போன வெட்டுவாயில் கொஞ்சம் சாணியை அப்பிவிட்டுக் கையைக் கழுவினாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து மேற்குப் பக்கமாகவே போட்டு உட்கார்ந்தாள். மரியசூசை இன்னொன்றை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டார். தோப்பில் ஆட்களை ஏவிவிட்டுத் திரும்பிய தீர்த்தகிரி, போய் வேலையைப் பார்க்கத்தான் நினைத்தார். அவரும் ஒன்றை இழுத்துக்கொண்டார். காற்றில் தட்டுகள் ஒவ்வொன்றாக அசைந்து, வெள்ளை ஓரங்கள் வெயிலில் மின்னின.

நாற்காலிக்காரர் டெம்போவைக் கொண்டுவந்து நிறுத்தினார். கட்டிக்கொண்டு போகலாமா, விழா முடிந்துவிட்டதா என்று கேட்டார். மேடையில் யாரும் இல்லை, மைக்கும் இல்லை. மூன்று பேர் மட்டும் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராயம்மாள் திரும்பாமலே சொன்னாள்: "இன்னும் முடியலப்பா. ஒரு மணி நேரம் கழிச்சி வா."